ஊதிப் பாக்கிற மெசின் வரட்டும், ஆனா நம்மட மூச்சையும் அதுக்குக் காட்டோணும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

போன கிழமை உங்கட பேப்பர்ல உள்பக்கத்தில மூச்சு ஊதினா நுரையீரல் கென்சர் தெரிஞ்சிரும் எண்டு பெரிய எழுத்தில ஒரு செய்தி போட்டிருந்தீங்க. வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சிட்டாங்க, வலி இல்ல, ஊசி இல்ல, ஒரு நிமிசத்தில ரிசல்ட் எண்டு இருந்திச்சி. எந்த நாடு, எத்தன பேர்ல பாத்தது, அதுல எத்தன பேருக்கு சரியாச் சொன்னது, எத்தன பேருக்கு பிழையாச் சொன்னது, ஒண்டும் இல்ல. படம் மட்டும் வடிவா இருந்திச்சி, ஒரு வெள்ளக்கார அம்மா குழாயில ஊதுற படம். நான் கன காலம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில சளியும் ரத்தமும் பாத்து பென்ஷன் எடுத்த ஆள், மட்டக்களப்பில களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கன். செய்தி பொய் எண்டு சொல்ல இத எழுதல்ல. விசயம் உண்மைதான், ஆனா பாதிதான் சொல்லியிருக்கிறீங்க, மத்தப் பாதி நம்மட ஊருக்கு இன்னும் முக்கியம்.

மூச்சு மணத்த வச்சு வருத்தம் பிடிக்கிறது புதுசில்ல. சீனி வருத்தம் கடுமையாகி மயங்கி வாற ஆக்கள்ற வாயில ஒரு இனிப்பு மணம் வரும், பழுத்த பழம் மாதிரி, அது அசற்றோன். வார்ட்ல பழகின நேர்ஸ் மிஸ்ஸிமார் ரிப்போர்ட் வாறதுக்கு முந்தியே அத வச்சு சொல்லிப் போடுவாங்க. ஈரல் பழுதானா ஒரு மணம், கிட்னி பழுதானா இன்னொரு மணம். மூக்கால பாத்தத மெசினால பாக்கத் தொடங்கினதுல பெரிய பேர் லைனஸ் போலிங்குக்கு, ரெண்டு நோபல் பரிசு எடுத்த மனிசன், 1954ல இரசாயனத்துக்கு, 1962ல சமாதானத்துக்கு. அவர் 1971ல மனிசன்ற மூச்ச குளிராக்கின குழாய்க்குள்ள பிடிச்சு வாயு குரோமற்றோகிராப்பியில, அதாவது கலந்து கிடக்கிற ஆவிகள ஒவ்வொண்டாப் பிரிச்சுக் காட்டுற முறையில போட்டு, அதுக்குள்ள கிட்டத்தட்ட 250 விதமான பொருள் இருக்கு எண்டு காட்டினார். அதுக்கு முந்தி சனம் நினைச்சது மூச்சுக்குள்ள நைதரசன், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, நீராவி, அவ்வளவுதான் எண்டு. இப்ப அந்த 250 ஆயிரக்கணக்கில போய் நிக்குது.

செய்தி வந்த பொறகு தேத்தண்ணிக் கடையில ஒரு தம்பி கேட்டான், "அப்ப பொலிஸ் பலூன் ஊதச் சொல்ற மாதிரிதானே ஐயா, மஞ்சள் பச்சையானா கென்சர்?" எண்டு. கேள்வி நல்ல கேள்வி, பதில்தான் கொஞ்சம் நீளம். பலூனுக்குள்ள இருக்கிற மஞ்சள் மருந்து பச்சையாகிறது அற்ககோல் எண்ட ஒரே ஒரு சாமானுக்கு, குடிச்சவன்ற மூச்சில அது தாராளமாவும் இருக்கும். கென்சருக்கு அப்பிடி ஒரு தனிப்பொருள் இல்ல. கென்சர் செல் வளரக்குள்ள அதுக்குள்ள இருக்கிற கொழுப்பு ஒட்சியேற்றப்பட்டு உடையுது, அதால அற்கேன், அல்டிகைட்டு எண்டு ஆவியாகிற சின்னச் சின்ன சேர்வைகள் வருது, ரத்தத்தோட நுரையீரலுக்கு வந்து மூச்சோட வெளிய போகுது. அளவு எவ்வளவு எண்டா நூறு கோடியில ஒரு பங்கு ரெண்டு பங்கு கணக்கு. அதே சேர்வைகள் கென்சர் இல்லாத ஆக்கள்ற மூச்சிலயும் இருக்கு, கூடக் குறைய. அதனால மெசின் தேடுறது ஒரு பொருள இல்ல, இருபது முப்பது பொருளும் சேந்து நிக்கிற அந்தக் கோலத்த. மாமாங்கக் கோயில் தீர்த்தத்தண்டு அந்தச் சனத்துக்குள்ள ஒரு புள்ளட அழுகைச் சத்தத்தப் பிரிச்சுக் கேக்கிற மாதிரி வேலை அது.

இன்னொரு சிக்கல், நாம ஊதுற மூச்சில முதல்ல வாறது வாயிலயும் தொண்டையிலயும் மூச்சுக் குழாயிலயும் கிடந்த காத்து, ஒரு 150 மில்லிலீற்றர் வரைக்கும். அதுல நுரையீரல்ற கதை இல்ல. ரத்தத்தோட முட்டின காத்து கடசியாத்தான் வரும். அந்தக் கடசிப் பங்க மட்டும் பிடிக்கோணும். இங்கிலாந்தில கேம்பிரிட்ஜ் ஊர்ல ஓல்ஸ்டோன் மெடிக்கல் எண்ட கொம்பனி இதுக்கெண்டே ஒரு முகமூடி செஞ்சு வச்சிருக்கு, ஆளுக்கு சுத்தமான காத்தக் குடுத்து, மூச்சின்ற எந்தப் பங்கு வருது எண்டு பாத்து, தேவையான பங்க மட்டும் குழாய்க்குள்ள இழுக்கிற மாதிரி. பலூன் மாதிரி சும்மா ஊதினாப் போதும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இத ஒருக்காக் காட்டோணும்.

நடந்து வந்த பாதையையும் கொஞ்சம் சொல்றன், ஏனெண்டா செய்தியில நேத்துத்தான் கண்டுபிடிச்ச மாதிரி இருந்திச்சி. 1985லயே நுரையீரல் கென்சர் ஆக்கள்ற மூச்சு வித்தியாசம் எண்டு கட்டுரை வந்திட்டுது. 1999ல மைக்கல் பிலிப்ஸ் எண்ட டொக்டர்ர குழு லான்செட் சஞ்சிகையில எழுதினாங்க, எக்ஸ்ரேயில சந்தேகம் வந்து மூச்சுக் குழாய்க்குள்ள கமெரா விட்டுப் பாக்க வந்த 108 பேர்ட மூச்ச எடுத்தாங்க, அதுல 60 பேருக்கு கென்சர், 22 சேர்வைகள வச்சுப் பிரிக்க ஏலும் எண்டு சொன்னாங்க. 2006ல கலிபோர்னியாவில நாய்களப் பழக்கினாங்க, சும்மா வீட்டு நாய்கள், அஞ்சு நாய், சாப்பாடு குடுத்துப் பழக்கி நுரையீரல் கென்சர் 55 பேர், மார்புக் கென்சர் 31 பேர், நல்ல சுகமான 83 பேர் ஊதின குழாய்கள மணக்க விட்டாங்க, நாய்கள் அபாரமாச் சொல்லிச்சு. மறுகா வேற நாடுகள்ல செஞ்சு பாக்கக்குள்ள அந்த அளவுக்கு வரல்ல. 2009ல இஸ்ரேல்ல டெக்னியன் பல்கலைக்கழகத்தில ஹொசாம் ஹைக் எண்டவர், நாசரேத் ஊர் அரபுக் குடும்பத்து ஆள், தங்கத்தத் துணிக்கையா அரைச்ச மாதிரி நானோ அளவுக்கு எடுத்து அதுக்கு மேல வேற வேற சேதனப் பொருள் பூசி ஒரு மின்மூக்கு செஞ்சார், அதுவும் பிரிச்சுக் காட்டிச்சி. கொரோனா காலத்திலயும் ஒண்டு நடந்தது, 2022 ஏப்ரல்ல அமெரிக்காவில மருந்துக்கும் மருத்துவ மெசினுக்கும் அனுமதி குடுக்கிற எஃப்.டி.ஏ. மூச்சால கொரோனா பாக்கிற ஒரு மெசினுக்கு அவசர அனுமதி குடுத்தது, பயணப்பெட்டி அளவுதான், மூண்டு நிமிசத்துக்குள்ள ரிசல்ட். அப்ப மூச்சு டெஸ்ட் கனவு இல்ல. வயித்துப் புண் கிருமிக்கு யூரியா குடிச்சிட்டு ஊதுற டெஸ்ட் கன வருசமா இருக்கு. ஆஸ்துமாவுக்கு நைத்திரிக் ஒட்சைட்டு அளக்கிறதும் இருக்கு.

கென்சருக்கு மட்டும் ஏன் நாப்பது வருசமாகியும் ஆஸ்பத்திரி மேசைக்கு வரல்ல எண்டு கேட்டா, முதல் காரணம் ஒரு ஆய்வில வந்த பட்டியல் அடுத்த ஆய்வில வரல்ல. ஒரு குழு 22 எண்டு சொன்னா இன்னொரு குழு வேற ஏழெட்டு சொல்லும், பொதுவா நிக்கிறது கொஞ்சம். ஒராள் பிளாஸ்டிக் பையில பிடிப்பார், இன்னொராள் குழாயில பிடிப்பார், ஒராள் வெறும் வயித்தில, இன்னொராள் சாப்பாட்டுக்குப் பொறகு. ஆஸ்பத்திரி அறையில டெட்டோல் மணம் வேற, நோயாளிட மூச்செல்லாம் அந்த அறையில எடுத்து, சுகமான ஆக்கள்ற மூச்ச கம்பஸ் அறையில எடுத்தா, மெசின் பிரிக்கிறது கென்சரயா அறையையா? ஆய்வுகூடத்தில நிண்டவன் எண்ட முறையில சொல்றன், சாம்பிள் எடுக்கிற விதம் பிழைச்சா பொறகு கோடி ரூவா மெசினும் வேலைக்காகா. இன்னும் ஒண்டு, பழைய பட்டியல்கள் சிலதுல பென்சீன் இருந்திச்சி. பென்சீன் சிகரட் குடிக்கிற எல்லாருட மூச்சிலயும் இருக்கும். கென்சர் ஆக்கள்ல கனபேர் சிகரட் குடிச்ச ஆக்கள், அப்ப மெசின் கண்டுபிடிச்சது சிகரட்ட.

இதயெல்லாம் ஏன் இவ்வளவு விரிவா எழுதுறன் எண்டா எங்கட பக்கத்து வளவு அண்ணர் ஒராள், சுருட்டும் பீடியும் சின்ன வயசில இருந்து, எக்ஸ்ரேயில ஏதோ நிழல் எண்டு டொக்டர் சி.ரி. ஸ்கேனுக்கு திகதி குடுத்திருக்கார், இவர் செய்திய வாசிச்சிட்டு, "ஊதிப் பாக்கிற மெசின் வருதாமே தம்பி, அது வரட்டும், சும்மா ஏன் அந்த வளையத்துக்குள்ள போய்ப் படுக்கோணும்" எண்டு திகதியத் தள்ளிப் போட்டுட்டார். நான் போய் இருந்து கதைச்சு, அவர்ட மகளும் சண்ட போட்டு, இப்ப திரும்ப திகதி எடுத்திருக்கார். ஒரு ஊர்ல ஒராள் எண்டா எத்தன ஊர்ல எத்தன பேர் ஐயா. உங்கட செய்தி நல்ல எண்ணத்தில போட்டதுதான், எனக்குத் தெரியும், ஆனா கடசியில ஒரே ஒரு வரி, "இது இன்னும் ஆய்வு நிலையில, உங்களுக்கு டொக்டர் சொன்ன ஸ்கேன விடாதீங்க" எண்டு போட்டிருந்தா இந்த வேலை வந்திருக்காது.

இண்டைக்கு உலகத்தில நுரையீரல் கென்சர முன்கூட்டிப் பிடிச்சு உயிரக் காப்பாத்தும் எண்டு பெரிய ஆய்வுகள்ல நிரூபிச்சது குறைஞ்ச கதிர் சி.ரி. ஸ்கேன் மட்டும்தான். 2011ல வந்த அமெரிக்க ஆய்வு, புகைச்ச ஆக்கள் 53,000 பேருக்கு மேல, பாதிப் பேருக்கு நெஞ்சு எக்ஸ்ரே, பாதிப் பேருக்கு ஸ்கேன், ஸ்கேன் எடுத்த பக்கம் நுரையீரல் கென்சர் சாவு 20 வீதம் குறைஞ்சிது. 2020ல நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வு, ஆம்பிளைகள்ல 24 வீதம் குறைஞ்சிது. முன்கூட்டிப் பிடிக்கிறதுல என்ன இருக்கு எண்டு கேக்கிற ஆக்களுக்கு, கட்டி நுரையீரலுக்குள்ளயே நிக்கக்குள்ள பிடிச்சா அஞ்சு வருசம் தாண்டுற ஆக்கள் அமெரிக்கக் கணக்கில பாதிக்கு மேல, உடம்பெல்லாம் பரவின பொறகு எண்டா பத்துப் பேருக்கு ஒராள் அளவுக்குத்தான் வரும். 2022ல மட்டும் உலகத்தில 18 இலட்சம் பேர் நுரையீரல் கென்சரால செத்திருக்காங்க, வேற எந்தக் கென்சரும் அவ்வளவு பேர எடுக்கல்ல. நம்மட நாட்டு ஆம்பிளைகளுக்கு முதலாவது வாய்க் கென்சர், வெத்திலையும் புகையிலையும் செய்யிற வேலை, அது வேற கதை, ஆனா நுரையீரலும் பின்னுக்கு இல்ல.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். அந்த மெசின்கள் கூடுதலாப் பழகினது இங்கிலாந்து, அமெரிக்கா, சீனா மாதிரி வெளிநாட்டு ஆக்கள்ற மூச்சில. நம்மட மூச்சு எப்பிடி? காலையில ஒழும்பினா தேத்தண்ணி, வெத்திலை. வெத்திலைக்குள்ள யூஜினோல் எண்டு ஒரு மணப்பொருள் இருக்கு, கராம்பில இருக்கிற அதே சாமான், அது ஆவியாகி மூச்சோட வரும், அதோட பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. எங்கட அம்மாமார் வாயில வெத்திலை இல்லாம இருக்கிற நேரம் நித்திரை நேரம் மட்டும்தான். இங்கிலாந்தில பழகின மெசின் எங்கட அம்மாட மூச்சக் கண்டா என்ன சொல்லும், அது வாழ்க்கையில கண்டிராத மணம். அடுத்தது உள்ளி. மீன் ஆணத்துக்கும் சொதிக்கும் போடுற உள்ளி செரிச்ச பொறகு ஒரு கந்தகச் சேர்வை ரத்தத்துக்குள்ள போய் மூச்சோட மணிக்கணக்கா வந்துகொண்டே இருக்கும், வாய் கொப்புளிச்சாலும் போகாது, பல்லு விளக்கினாலும் போகாது, ஏனெண்டா அது வாறது வாயில இருந்தில்ல, நுரையீரல்ல இருந்து.

பொறகு விறகடுப்பு. கேஸ் விலை ஏறின பொறகு படுவான்கரைக் கிராமங்கள் மட்டுமில்ல, டவுன் வீடுகள்லயும் அடுப்படிக்குள்ள திரும்ப விறகு வந்திட்டுது. விறகுப் புகைக்குள்ள காபனோரொட்சைட்டும் பென்சீனும் இருக்கு, ரெண்டும் சமைக்கிற பொம்பிளைட மூச்சில நிக்கும். அந்திப்பட்டா நுளம்புத்திரி, அதுவும் புகை. வயல் வெட்டு முடிஞ்சா வைக்கோல் எரிக்கிற புகை. சம்மாந்துறை, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி ஆலைகள்ல உமி எரிச்சு நெல்லவிக்கிற புகை, ஆலைக்குள்ள வேலை செய்யிற ஆக்கள்ற மூக்கு வாயெல்லாம் தூசு. ஹிங்குராணைப் பக்கம் கரும்பு வெட்ட முந்தி வயல எரிக்கிறது. எங்க பாத்தாலும் புகை, பிறகு மெசின் "உங்களுக்குப் புகைப் பழக்கம் இருக்கா" எண்டு கேட்டா, "இல்ல" எண்டுதான் அந்தப் பொம்பிளை சொல்லுவா, அது உண்மையும்தான்.

நோன்ப எடுங்க. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, ஓட்டமாவடி ஊர்களெல்லாம் ரமழான் மாசம் பகல் முழுக்கப் பட்டினி. பட்டினி கிடந்தா உடம்பு கொழுப்ப எரிக்கும், மூச்சில அசற்றோன் ஏறும். நம்மட பக்கம் கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதம் பிடிக்கிற ஆக்களுக்கும் அதே கதை. சீனி வருத்தக்காரருக்கு விரதம் இல்லாமலே ஏறி நிக்கும், சீனி இல்லாத வீடு இப்ப எங்க இருக்கு. நோன்பில எடுத்த மூச்சும் பெருநாளுக்குப் பொறகு எடுத்த மூச்சும் ஒரே ஆளுக்கு ரெண்டு மாதிரி இருக்கும். இதயெல்லாம் மெசினுக்கு முன்கூட்டியே சொல்லிக் குடுக்காட்டி அது பிழைவிடும், பிழைவிட்டா அந்தப் பிழைய சுமக்கிறது நம்மட சனம். வெளிநாட்டில 90 வீதம் சரி எண்டு வந்த மெசின் இங்க வந்து எத்தன வீதத்துக்கு இறங்கும் எண்டு இங்க வச்சு அளந்தாத்தான் தெரியும்.

90 வீதம் எண்டாலும் கணக்கு எப்பிடிப் போகும் எண்டு ஒருக்காப் பாருங்க. ஆயிரம் பேர் ஊதுறாங்க எண்டு வைங்க, அதுல உண்மையா கென்சர் இருக்கிறது பத்துப் பேருக்கு. மெசின் கென்சர் இருக்கிற நூறு பேர்ல 90 பேரப் பிடிக்கும், இல்லாத நூறு பேர்ல 90 பேருக்கு இல்ல எண்டு சரியாச் சொல்லும். அப்ப பத்துல ஒன்பது பேரப் பிடிச்சிரும், நல்லம். மிச்சம் 990 பேர்ல 99 பேருக்கு பிழையா "இருக்கு" எண்டு சொல்லும். மொத்தம் 108 பேர் பயந்துபோய் ஸ்கேனுக்கு வரிசையில நிப்பாங்க, அதுல ஒன்பது பேருக்குத்தான் உண்மையில இருக்கு. 90 வீதம் எண்டு பேப்பர்ல வாசிக்கக்குள்ள ஆருக்கும் இந்த 99 பேர் கண்ணுக்குத் தெரியிறதில்ல. அந்த 99 பேர்ல ஒராள் கூலி வேலைக்காரனா இருந்தா, ஸ்கேன் முடிஞ்சு "ஒண்டுமில்ல" எண்டு தெரியும் வரைக்கும் அவன் நித்திரை கொள்ளமாட்டான், வேலைக்கும் போகமாட்டான், மனிசிட நகை அடகுக்குப் போயிரும். ஆனா நேர்மையாச் சொல்லோணும், ஸ்கேனும் இந்த விசயத்தில சுத்தமில்ல, அந்த அமெரிக்க ஆய்வில ஸ்கேன்ல சந்தேகம் எண்டு வந்த 100 பேர்ல 96 பேருக்குக் கிட்ட கென்சர் இருக்கல்ல. அதனாலதான் சில பேர் சொல்றாங்க, மூச்சு டெஸ்ட முதல் வாசல்ல வைக்காம ஸ்கேன்ல சின்னக் கட்டி தெரிஞ்ச ஆக்களுக்கு வைப்பம், இது வெட்டோணுமா, பொறுத்துப் பாக்கலாமா எண்டு முடிவெடுக்க உதவும் எண்டு. எனக்கும் அதுதான் முதல்ல நடக்கும் போலக் கிடக்கு.

இவ்வளவு குறை சொல்லிப்போட்டு நான் மெசினுக்கு எதிரி எண்டு நினைக்காதீங்க. உலகத்தில வேற எந்த ஊரையும் விட எங்களுக்குத்தான் அது கூடத் தேவை. மட்டக்களப்பில இருந்து கொழும்புப் பக்கம் மகரகமை கென்சர் ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டா வெள்ளாப்பில ஒழும்பி பஸ்ஸோ, இல்லாட்டி உதயதேவி ரயிலோ, ஒரு பகல் முழுக்கப் போகும், அங்க தங்க ஒரு இடம், கூடப் போற ஆளுட சம்பளம், சிங்களம் தெரியாட்டி அதுக்கு வேற ஒராள். இப்ப மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில கென்சர் பிரிவு வந்தது பெரிய காரியம், ஆனாலும் ஊர்கள்ல இருந்து அங்க வந்து சேர முந்தியே பாதிப் பேர் காலத்தக் கடத்திப் போடுறாங்க. ஸ்கேன் மெசின ஊர் ஊராக் கொண்டுபோக ஏலா. மூச்ச ஏலும். விரல் நீளத்தில ஒரு உருக்குக் குழாய், அதுக்குள்ள மணத்த உறிஞ்சி வச்சிருக்கிற ஒரு தூள், அதுக்குள்ள மூச்சப் பிடிச்சு ரெண்டு பக்கமும் மூடினா, குளிராக்கி வச்சு பஸ்ஸில கூட ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். வாகரையில பிடிக்கலாம், பொத்துவில்ல பிடிக்கலாம், வெல்லாவெளியில பிடிக்கலாம். ஆள் வீட்டில இருப்பார், மூச்சு மட்டும் பயணம் போகும்.

இன்னொரு பெரிய காரணம் சிகரட் குடிக்காத பொம்பிளைகள். அமெரிக்காவில ஸ்கேனுக்கு ஆரக் கூப்பிடுறாங்க எண்டா 50 இல இருந்து 80 வயசு, 20 வருசம் நாளுக்கு ஒரு பக்கட் கணக்கில சிகரட் குடிச்ச ஆள். அந்தக் கணக்குக்குள்ள எங்கட பொம்பிளைகள் ஒராளும் வரமாட்டாங்க. ஆனா ஆசியாவில சிகரட்டத் தொடாத பொம்பிளைகளுக்கும் நுரையீரல் கென்சர் வருது, அடுப்புப் புகை ஒரு காரணம், பரம்பரை இன்னொரு காரணம். தாய்வான் நாட்டுக்காரர் இதப் பாத்து 2022ல இருந்து குடும்பத்தில நுரையீரல் கென்சர் இருந்தா சிகரட் குடிக்காட்டியும் ஸ்கேன் எடுக்கலாம் எண்டு அரசாங்கத் திட்டத்திலயே சேத்திட்டாங்க. நம்மட நாட்டில அப்பிடி எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்க மெசினும் காணாது, ரிப்போர்ட் வாசிக்கிற டொக்டரும் காணாது. ஆரை முதல்ல ஸ்கேனுக்கு அனுப்பலாம் எண்டு பிரிச்சுத் தாற ஒரு மலிவான டெஸ்ட் இருந்தா அது பெரிய உதவி. ஓட்டுக்குப் பதிலா அஸ்பெஸ்டஸ் ஷீட் போட்ட வீடுகள் கிழக்கில எவ்வளவு, சுனாமியில உடைஞ்ச ஷீட்டுகள வெறுங்கையால அள்ளின சனம் எவ்வளவு, அந்தத் தூசு நுரையீரலுக்குச் செய்யிற வேலை இருபது முப்பது வருசம் கழிச்சுத்தான் தெரியும். 2004 இல இருந்து எண்ணிப் பாருங்க.

அப்ப என்ன செய்யலாம். வந்தாறுமூலையில கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கு, அதுக்கு மருத்துவம் படிப்பிக்கிற பீடமும் இருக்கு, இரசாயனப் பகுதியும் இருக்கு. ஒலுவில்ல தென்கிழக்குப் பல்கலைக்கழகம், சம்மாந்துறையில அதுக்கு விஞ்ஞான பீடம். கென்சர் மெசின் செய்யச் சொல்லல்ல, அதுக்குப் பணம் வேணும், காலம் வேணும். முதல் வேலை சின்ன வேலை: சுகமான நம்மட ஆக்கள்ற மூச்சு எப்பிடி இருக்கு எண்டு ஒரு அடிப்படைக் கணக்கு. வெத்திலை போடுற ஆக்கள், போடாத ஆக்கள், விறகடுப்பு, கேஸ் அடுப்பு, நோன்பு காலம், நோன்பில்லாத காலம், ஆலையில வேலை செய்யிறவங்க, கடல் தொழில் செய்யிறவங்க, எல்லாரையும் ஒரே முறையில எடுத்து எழுதி வைக்கோணும். பி.எச்.டி. செய்யிற பிள்ளைகளுக்கு இதவிட நல்ல தலைப்பு எங்க கிடைக்கும். நாளைக்கு வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டு மெசினத் தூக்கிக்கொண்டு வந்தா, "இந்தா எங்கட கணக்கு, இதுல உங்கட மெசின் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுங்க" எண்டு கேக்க ஏலும். இல்லாட்டி அவன் சொல்ற வீதத்த நம்பி காசக் கட்டுறதுதான். நெஞ்சுநோய் கிளினிக்குகள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கு, இருமிக்கொண்டு வாற சனம் அங்கதான் முதல்ல வருது, மூச்சு எடுக்க அதவிடப் பொருத்தமான இடமும் இல்ல.

கிளினிக் எண்டதும் ஒரு விசயம் சொல்லியே ஆகோணும், இது மூச்சு மெசினுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத விசயம். ரெண்டு கிழமைக்கு மேல இருமல் இருந்தா சளி டெஸ்ட் எடுப்பாங்க, டீ.பி. இருக்கா எண்டு பாக்க. நாங்க ஸ்லைட்டில சாயம் போட்டு, நீலத்துக்குள்ள சிவப்பாக் கிருமி நிக்குதா எண்டு பாத்து, இல்லாட்டி நெகட்டிவ் எண்டு எழுதி அனுப்புவம். அந்த நெகட்டிவ்வுக்கு ஒரே அர்த்தம்தான், அந்தச் சளியில டீ.பி. கிருமி தெரியல்ல. சனம் அத "நெஞ்சில ஒண்டும் இல்லியாம்" எண்டு எடுத்துக்கொண்டு வீட்ட போய் கற்பூரவள்ளிச் சாறு குடிச்சுக்கொண்டு இருக்குது. ஆறு மாசம் கழிச்சு சளியோட ரத்தம் வரக்குள்ள, இல்லாட்டி குரல் கம்மி மெலிஞ்சு போன பொறகு திரும்ப வருது. நான் வேலை செஞ்ச காலத்தில எனக்கு மனசுக்கு ஆகக் கஷ்டமா இருந்தது இதுதான், ஒரே பேர் ரெண்டாந்தரம் வரக்குள்ள. சளி நெகட்டிவ், ஆனா இருமல் நிக்கல்ல எண்டா, திரும்பப் போய் "எக்ஸ்ரே எடுக்கோணுமா டொக்டர்?" எண்டு வாய் திறந்து கேளுங்க. எக்ஸ்ரேயிலயும் சின்னக் கட்டி இதயத்துக்குப் பின்னுக்கோ காறை எலும்புக்குப் பின்னுக்கோ ஒளிச்சிருக்கும், அதனால இருமலும் மெலிவும் தொடர்ந்தா எக்ஸ்ரே நல்லம் எண்டு வந்தாலும் விடாதீங்க. பழைய எக்ஸ்ரே படத்தையும் எறியாதீங்க, டொக்டருக்கு இப்ப எடுத்ததவிட பழசும் புதுசும் பக்கத்தில வச்சுப் பாக்கிறதுதான் பெறுமதி.

பேப்பருக்கு எண்ட கோரிக்கை கொஞ்சம்தான். அடுத்த முறை இப்பிடி மருத்துவக் கண்டுபிடிப்புச் செய்தி போடக்குள்ள எத்தன பேர்ல சோதிச்சது, எந்த நாட்டு ஆக்கள், பிழையாச் சொன்னது எத்தன, ஆஸ்பத்திரியில பாவனைக்கு வந்திட்டுதா இல்லியா எண்டத ரெண்டு வரியில சேருங்க. வெளிநாட்டு ஏஜென்சிச் செய்தியில இதுகள் கீழ்ப் பகுதியில இருக்கும், இடம் காணாம நீங்க வெட்டுறது அந்தக் கீழ்ப் பகுதியத்தான். படத்தச் சின்னதாக்கினா இடம் வரும். அதோட மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை நெஞ்சுநோய் கிளினிக்குகள் எந்தெந்த நாள் நடக்குது, எத்தன மணிக்குப் போகோணும், என்ன துண்டு கொண்டு போகோணும் எண்டு கேட்டு எடுத்து, மரண அறிவித்தல் போடுற பக்கத்தில ஒரு சின்னப் பெட்டியில கிழமைக்கு ஒருக்காப் போடுங்க. அந்தப் பக்கத்தத்தான் எங்கட ஊர்ல எல்லாரும் முதல்ல பாக்கிற.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.